பாலாடையில் கொடுத்த பால்

எண்பதுகளோட நடுவுல, ஒரு ஏப்ரல் மாசத்து சனிக்கிழமை. நாங்க அப்ப கலிபோர்னியாவுல மில்பிடாஸ்ல இருந்தோம். எங்க வீட்டுக்காரர் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில இன்ஜினியர். நான் வீட்டுல. மகளுக்கு எட்டு மாசம். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிட்டு, தினமும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துட்டிருந்த காலம். அந்த ஒரு கார்டுக்காக எங்க வீட்டுக்காரர் மஞ்சள் விளக்கு எரிஞ்சாலே வண்டியை நிறுத்திடுவார். பின்னாடி வர்றவங்க ஹார்ன் அடிப்பாங்க, நான் சிரிப்பேன்.

அன்னிக்கு மலையைத் தாண்டி கடற்கரைக்குப் போனோம். எங்களுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். மகளுக்கு ஃபிளாஸ்க்ல காய்ச்சின பசும்பால், கூடவே அவளோட வெள்ளிப் பாலாடை, மூக்கு வச்ச குட்டிக் கிண்ணம். எங்க அம்மா மெட்ராஸ்லேர்ந்து குடுத்து அனுப்பினது. பாட்டிலை வாயில வச்சா என் பொண்ணு துப்பிடுவா. மடியில மல்லாக்கப் போட்டு, கன்னத்தை லேசா அமுக்கி, பாலாடையால வாயோரமா ஊத்தினாத்தான் இறங்கும். அந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. எப்பேர்ப்பட்ட அடம் பிடிக்கிற குழந்தைக்கும் நான் பால் புகட்டிடுவேன்னு சொல்லிட்டுத் திரிவேன்.

பகல் பன்னெண்டு மணிக்கே அங்க குளிர் காத்து. கரையில எங்களைத் தவிர யாருமில்ல. சாப்பிட்டுக் கை கழுவும்போது பாறைக்கு அந்தப் பக்கம் கன்னுக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தா ஒரு சீல் குட்டி! கடல்நாய்னு ஸ்கூல் புத்தகத்துல படிச்சிருப்போமே, அதேதான். சாம்பல் உடம்புல புள்ளி புள்ளியா, பெரிய கறுப்புக் கண்ணுல தண்ணி வழிய, தனியாக் கிடந்து கத்துது.

பக்கத்துலயே உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். தாய் வரவே இல்ல. பச்சைக் குழந்தையை இப்படிப் போட்டுட்டுப் போக எப்படி மனசு வந்ததுன்னு எனக்கு அவ மேல ஆத்திரம் ஆத்திரமா வந்தது. வீட்டுக்காரர் தொடாதே, கிளம்பலாம்னு நாலு தடவை சொன்னார். நான் யார் பேச்சைக் கேட்டேன்? பசியில அழற ஒரு ஜீவனை விட்டுட்டு வீட்டுக்குப் போய் என்னால தூங்க முடியாதுன்னு சொல்லி, மகளை அவர் கையில திணிச்சேன்.

குட்டியைத் துண்டால சுத்தி மடியில போட்டுக்கிட்டேன். பத்து கிலோ அரிசி மூட்டை கனம். வாயைத் திறக்கவே மாட்டேன்னுது. சரி, நம்ம கை வரிசையைக் காட்டுவோம்னு கன்னத்தை அமுக்கி, பாலாடையை ஓரமா வச்சு ஊத்தினேன். முதல் பாலாடை உள்ள போச்சு. ரெண்டாவதும் போச்சு. மூணாவதுல புரை ஏறிடுச்சு. மூக்கு வழியாப் பால் நுரை நுரையா வந்தது. நான் மகளுக்குப் பண்ற மாதிரியே உச்சந்தலையில தட்டி, "ஒண்ணுமில்லடா, யாரோ நினைக்கிறாங்க"ன்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் அது கத்தவே இல்ல. தலை துவண்டு என் முழங்கையில சாஞ்சது. மூச்சு இழுக்கும்போது மட்டும் நெஞ்சுக்குள்ள கரகரன்னு ஒரு சத்தம். போன மாசம்தான் என் பொண்ணுக்குச் சளி கட்டி அதே சத்தத்தைக் கேட்டு நடுங்கியிருந்தேன். குட்டியை அள்ளிக்கிட்டு காருக்கு ஓடினேன். வீட்டுக்காரர் பாவம், மகளைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே ஓடி வந்தார்.

முதல்ல கண்ணுல பட்ட கேஸ் ஸ்டேஷன்ல, அதான் பெட்ரோல் பங்க்ல, நிறுத்தினோம். அங்க இருந்த ஆள் கடல் மிருகங்களைக் காப்பாத்துற ஒரு தொண்டு அமைப்போட நம்பரைக் குடுத்தார். வீட்டுக்காரர் பே ஃபோன்ல பேசிட்டு வந்தப்ப முகத்துல ஈயாடல. அங்கேயே இருங்க, ஆள் வருதுன்னு சொன்னாங்களாம். இந்த மிருகத்தைத் தொடறதே சட்டப்படி குத்தம்னும் சொன்னாங்களாம்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பின் சீட்டுல நான், மடியில குட்டி. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சு வருமான்னு பார்த்துட்டே இருந்தேன். கொலைகாரின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவர் முன் சீட்டுல உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே மெதுவாச் சொன்னார்.

"இங்க பாரு, யார் கேட்டாலும் பால் குடுத்தோம்னு சொல்லாதே. அடிபட்டுக் கிடந்துச்சோன்னு பயந்து எடுத்துட்டு வந்தோம், அவ்வளவுதான். கேஸ் கீஸ்னு ஆச்சுன்னா கிரீன் கார்டு போயிடும். மூணு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

நான் தலையாட்டினேன். அந்த நேரத்துல எனக்கும் அதுதான் சரின்னு பட்டது.

அந்த அமைப்புலேர்ந்து ஒரு பிக்கப் வண்டி வந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா இறங்கினாங்க, ஐம்பது வயசு இருக்கும். பின்னாலேயே இன்னொரு வண்டியில கடற்கரையைக் காவல் காக்கிற ரேஞ்சர். இடுப்புல துப்பாக்கி.

நேரம் பார்த்து அந்தக் குட்டி தலையைத் தூக்கி முழிச்சது. அந்த அம்மா வயித்தைத் தடவிப் பார்த்துட்டு, நல்லாக் கொழுகொழுன்னுதான் இருக்குன்னாங்க. இதை யாரும் கைவிடலையாம். தாய் சீல் குட்டியைக் கரையில விட்டுட்டு இரை தேடப் போகுமாம், சில மணி நேரம் கழிச்சு வருமாம். மனுஷங்க பக்கத்துல இருந்தா மட்டும் கரை ஏறாதாம். "நீங்க அங்க உட்கார்ந்திருந்த நேரம் பூரா அவ தண்ணியில தலையை நீட்டி உங்களையே பார்த்துட்டு இருந்திருப்பா"ன்னு சொன்னாங்க. திட்டற மாதிரிகூட சொல்லல.

இன்னும் நேரம் இருக்கு, இப்பவே கொண்டு போய் அதே இடத்துல வச்சிடலாம், தாய் வந்துடுவான்னு அவங்க சொன்னதும் எங்க வீட்டுக்காரர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. கடைசியா ஒரே ஒரு கேள்வி. இதுக்கு எதாவது குடுத்தீங்களா?

அவர் "நோ"ன்னார். ரேஞ்சர் எழுதிக்கிட்டார்.

எல்லாம் முடிஞ்சது. குட்டி தாய்கிட்ட போயிடும், நாங்க வீட்டுக்குப் போயிடலாம், யாருக்கும் எந்த வம்பும் இல்ல. ஆனா அவங்க குட்டியைத் தூக்கினப்ப அந்தக் கரகர சத்தம் எனக்குக் கேட்டது. பயத்துல மூச்சு வாங்குதுன்னு அவங்க நினைச்சிருப்பாங்க. அது என்னன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கலைன்னா ராத்திரிக்குள்ள இது செத்துடும், தாய் வந்து பொணத்தைத்தான் பார்ப்பான்னு ஒரு நினைப்பு. வாயைத் திறந்தா என் புருஷன் பொய் சொன்னார்னு துப்பாக்கி வச்சவர் முன்னாடியே ஆயிடும்.

எனக்கு அப்ப இங்கிலீஷ் கோர்வையா வராது. பையிலேர்ந்து பாலாடையை எடுத்து நீட்டினேன். "பால். மாட்டுப் பால். நான்தான் குடுத்தேன். மூக்கு வழியா வந்துடுச்சு"ன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்லிட்டு, வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே இல்ல.

அந்த அம்மா உடனே குட்டியோட முதுகுல காதை வச்சுக் கேட்டாங்க. முகம் மாறிடுச்சு. பால் நுரையீரலுக்குள்ள போயிருக்கு, மாட்டுப் பால் இதோட வயித்துக்கும் ஆகாது, இப்ப கரையில விட்டா நாளைக்கு இருக்காதுன்னாங்க. "சொன்னதுக்கு நன்றி. ஆனா இனிமே இதைத் தாய்கிட்ட விட முடியாது"ன்னு சொல்லிட்டு, கூண்டுல வச்சு வண்டியைக் கிளப்பிட்டுப் போயிட்டாங்க. ரேஞ்சர் எங்க பேரையும் விலாசத்தையும் கேட்டார். எழுத்து எழுத்தாச் சொல்லும்போது வீட்டுக்காரர் குரல் நடுங்கினது எனக்கு மறக்கவே மறக்காது.

வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினதும், அவர் "உண்மையை நான்தான் சொல்லியிருக்கணும்"னார். எனக்கு அழுகை வந்துடுச்சு.

அதுக்கப்புறம் காலையில குட்டி எப்படி இருக்குன்னு அந்த அமைப்புக்கு ஃபோன் பண்ணப் பயம், மத்தியானம் தபால் பெட்டியைத் திறக்கப் பயம். மூணு நாள் வரைக்கும் உயிரோட இருக்குன்னு மட்டும்தான் சொன்னாங்க. பத்தாவது நாள் மீன் கூழை வாந்தி எடுக்காம உள்ள வச்சிருக்குன்னாங்க. தபால்ல பயந்த மாதிரி எதுவும் வரல. கார்டு அடுத்த வருஷம் வந்தது.

ரெண்டு மாசம் கழிச்சு குட்டியைக் கடல்ல விடறதுக்கு எங்களையும் கூப்பிட்டாங்க. அந்த அமைப்போட வாசல்ல ஒரு மேஜை. வடக்குப் பனியில சீல் குட்டிகளைத் தோலுக்காகத் தடியால அடிக்கிறதை நிறுத்தணும்னு கையெழுத்து வாங்கிட்டிருந்தாங்க. பக்கத்துல இருந்த போட்டோவைப் பார்க்கவே முடியல. எங்க அபார்ட்மென்ட்ல வாஷிங் மெஷின் ரிப்பேர்னு எழுதின லெட்டர்லகூட கிரீன் கார்டு வரட்டும்னு கையெழுத்துப் போடாத மனுஷன் எங்க வீட்டுக்காரர். எனக்கு முன்னாடி போய்ப் பேனாவை எடுத்தார். "விலாசம்தான் ஏற்கெனவே குடுத்தாச்சே, இனிமே என்ன பயம்"னார்.

கூண்டைத் திறந்ததும் குட்டி தத்தித் தத்திப் போய் அலைக்குள்ள புகுந்துடுச்சு. தாய் என்ன ஆனான்னு அந்த அம்மாகிட்ட கேட்டேன். அந்தப் பாறைகிட்ட சில நாள் வந்து கூப்பிட்டுப் பார்த்திருப்பான்னாங்க.

எங்க வீட்டுல இப்பவும் யாருக்காவது சாப்பிடும்போது புரை ஏறினா, பக்கத்துல இருக்கிறவங்க தலையில தட்டி யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. நானும் தட்டுவேன், ஆனா அந்த வார்த்தை மட்டும் என் வாயில வராது. அன்னிக்கு அந்தக் குட்டிக்குப் புரை ஏறினப்ப நிஜமாவே ஒருத்தி நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தா, நான் எப்ப எழுந்து போவேன்னு தண்ணிக்குள்ளேர்ந்து பார்த்துக்கிட்டு.