மர்சலின் டீச்சரின் மேசைவிரிப்பு

மர்சலின் டீச்சருக்குத் தன் ஓரகத்தி கரோலைப் பிடிக்காது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். கரோல் வைக்கும் நண்டுக் குழம்பு பிடிக்கும். கரோல் பெற்ற பிள்ளைகளைப் பிடிக்கும். கரோலை நாலு பேர் மெச்சினால் மட்டும் வயிறு எரியும். மந்தைவெளியில் ஒரே வீடு. கீழே அண்ணன் காஸ்பரும் மர்சலினும், மாடியில் தம்பியும் கரோலும். வேலையும் சாந்தோம் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில். பிறகு எரிவதற்கு இடமா இல்லை, நேரமா இல்லை?

பள்ளிக்குப் பணம் சேர்ப்பதென்றால் அது மர்சலினின் ராஜ்ஜியம். வருஷா வருஷம் கேக்கும் கட்லெட்டும் போட்டுத் தொண்டை கட்டும்வரை கூவி விற்பாள். இந்த வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் புதுக் கழிப்பறை கட்ட வேண்டும், கட்லெட் காசு காணாது என்றார் ஃபாதர். சட்டென்று கரோல் எழுந்து, "சைலண்ட் ஆக்‌ஷன் வைக்கலாம் ஃபாதர்" என்றாள். ஏலப் பொருள்களை மேசைமேல் பரப்பிப் பக்கத்தில் பொருளுக்கொரு தாள் வைப்பது. வேண்டியவர் பேரும் தொகையும் எழுதுவார். அடுத்தவர் அதற்குக் கீழே கூட்டி எழுதுவார். மணி அடிக்கும்போது கடைசியாக இருக்கிற பேருக்குப் பொருள். "யாரும் கத்தவே வேண்டாம்" என்று கரோல் முடித்தாள். அது தனக்குச் சொன்ன சொல் என்றே மர்சலின் எடுத்துக்கொண்டாள்.

கரோல் தன் பங்குக்கு ஆறு பேருக்கு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்து தருவதாக எழுதிக் கொடுத்தாள். மர்சலின் கொடுத்தது தன் கையால் பின்னிய மேசைவிரிப்பு. தி.நகரில் நூல் வாங்கி, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னியது. மூலையில் தன் பேரையும் பூவேலையாகப் போட்டிருந்தாள். போடாமல் விடுவாளா அவள்? கரோலின் தாளைவிடத் தன் தாளில் ஒரு பேராவது கூட விழ வேண்டும். மாதாவிடம் அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

பூசை முடிந்து ஹாலில் கூட்டம் சேர்ந்தது. விருந்துத் தாளில் பேர்கள் மளமளவென்று இறங்கின. விரிப்பையும் வந்து தொட்டுப் பார்த்தார்கள், "எவ்ளோ அழகு டீச்சர்" என்றார்கள், நகர்ந்தார்கள். முதல் ஆளாக எழுத அவர்களுக்குக் கூச்சம். அது மர்சலினுக்கு எங்கே புரிந்தது? அந்த வெள்ளைத் தாள் அவள் மானத்தை வாங்கியது. ஒரு பேர் விழுந்தால் மற்றவை தானாக வரும் என்று, யாரும் கவனிக்காத நேரம் பார்த்துப் பேனாவை எடுத்தாள். காஸ்பர், மூவாயிரம் என்று புருஷன் பேரை எழுதி வைத்தாள்.

காஸ்பர் அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்திருந்த அப்பாக்களில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். அப்படி ஒருவன்தான் ஆட்டோ ஓட்டும் பாலு. எழுத வந்தவன் தாளைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டான்.

"ஏன் பாலு, எழுதலையா?"

"சார் பேரு கீதே டீச்சர். அவரே ஆசப்பட்டு கேட்டுக்கினு கீறாரு. அவரத் தாண்டி நான் எழுதுனா நல்லாவா இருக்கும்?"

பாலுவுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே சொல்லிப் போனார்கள். பேரை அடித்துவிடலாம் என்றால், யார் எழுதினது, யார் அடித்தது என்று கேள்வி வரும்.

மணி அடித்தது. கரோலின் விருந்து இருபத்தெட்டாயிரத்துக்குப் போனது, ஹாலே கைதட்டியது. "மேசைவிரிப்பு நம்ம காஸ்பர் சாருக்கு" என்று ஃபாதர் மைக்கில் சொன்னதும் ஒரே சிரிப்பு. பின்வரிசையில் காஸ்பர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பேனாவையே தொடாத மனுஷன். மனைவியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "ஆமா ஃபாதர், ரொம்ப நாளா அதுமேல ஒரு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பணம் கட்ட எழுந்து போனார். கோபித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கழிப்பறைக்குப் பணம் சேர்ந்துவிட்டது. எல்லார் வாயிலும் கரோல், கரோல்தான். சாயங்காலம் அந்தக் கரோலே மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா, அந்த விரிப்ப நான்தான் எடுக்கணும்னு இருந்தேன். பார்த்தா மாமா பேரு. மச்சாண்டார் பேரத் தாண்டி நான் எப்படிக்கா எழுதுறது?"

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். நாக்கு நிற்கவில்லை. "எவ்வளவு வரைக்கும் போயிருப்ப?"

"பத்தாயிரம் வரைக்கும் போலாம்னு இருந்தேன்."

பத்தாயிரம். அதுவும் கரோல் கையால்.

"அடுத்த ஞாயிறு விருந்துக்கு மட்டுமாவது குடுங்கக்கா. பெரிய மனுஷங்க வராங்க, மேசை பளிச்சுன்னு இருக்கணும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தப் பெரிய மனுஷர்கள் ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்காருவது கண்முன் வந்தது. உள்ளே போனாள். விரிப்பை எடுத்து வந்து, மடிப்பைப் பிரித்து, பேர் போட்ட மூலையைக் கரோலிடம் காட்டினாள்.

"இந்த மூலை அவங்க உக்காருற பக்கம் வரணும். உன் நண்டுக் குழம்புச் சட்டிய இதுமேல வெச்சு மறைச்சிடாத."