சமையற்கட்டு வாசல்

போளூரிலிருந்து மலையேறும் சாலையோரம் எங்கள் பள்ளி இருக்கிறது. மர வியாபாரி ஒருவர் கட்டிய இரண்டு மாளிகைகளைப் பழுதுபார்த்து, கடுக்காய்ச் சாறு கலந்த சுண்ணாம்பு பூசி வகுப்பறைகளாக்கியிருக்கிறார்கள். பெரிய மாளிகையின் சாப்பாட்டுக் கூடம் இப்போது கூட்ட அரங்கு. அதன் பின்னால் ஒரு குறுகிய நடையைத் தாண்டினால் பழைய சமையற்கட்டு. அதுதான் நூலகம், நான் நூலகர். அந்த மாளிகையின் வாசல் நிலைக்கு மேலே கட்டிய வருடம் செதுக்கியிருக்கிறது. சமையற்கட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அதன் செங்கல் மெல்லியது, அளவும் வேறு. அதுதான் மூத்த கட்டடம் என்பது என் கணிப்பு.

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, இலவச ஒதுக்கீட்டுக் குலுக்கல் நடந்தது. எல்.கே.ஜி.யில் மீதமிருந்தது ஓர் இடம். சீட்டில் வரும் குழந்தையின் பெற்றோர் பள்ளியில் இருக்க வேண்டும். மூன்று முறை அழைத்தும் வராவிட்டால் அடுத்த சீட்டை எடுப்பார்கள். கல்வித் துறை அதிகாரி ஒருவர் மேற்பார்வைக்கு வந்திருந்தார்.

காலையிலிருந்தே நூலகத்தின் பின்வாசலில், பலா மரத்தடியில், ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தாயின் மடியில் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தேனோ புளியோ விற்க வரும் மலையூர்க்காரர்கள் அந்த வாசலுக்குத்தான் வருவார்கள். கையிலிருந்த அட்டை ஒட்டும் வேலை முடிந்ததும் வெளியே வந்து, “தேன் என்ன விலைங்க?” என்றேன்.

“இன்னா தேனு?” என்றார் அந்தப் பெண். “புள்ளைக்கு சீட்டு எடுக்கறாங்கன்னு வந்தோம். இன்னும் கூப்புடவே இல்லியே.”

“அது முன்னாடி நடக்குதும்மா. இங்க ஏன் உட்கார்ந்தீங்க?”

“இந்த வூட்டுக்கு வந்தா இங்கதாங்க நிக்கணும்,” என்றார் கணவர். “எங்கப்பா காலத்துலேர்ந்து அப்டித்தான். முன்வாசலுக்குப் போனா மொதலாளி நாய அவுத்து வுட்ருவாராம்.”

“மொதலாளியும் இல்ல, நாயும் இல்ல. முன்னாடி போய்ப் பாருன்னு அப்பவே சொன்னேன், கேட்டாரா?” என்றார் மனைவி.

“நீதான் போறது!”

நடை வழியாக அவர்களைக் கூடத்துக்குள் அழைத்துப் போனேன். தாமதமாகிவிட்டது. முதல் சீட்டு அவர்களுடைய குழந்தையின் பெயருக்குத்தான் வந்திருந்தது. இரண்டாவது சீட்டையும் எடுத்துவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர், தன் மகளுக்காகக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார்.

“மூணு தடவ கூப்ட்டாச்சும்மா,” என்றார் அதிகாரி.

“வெடியறதுக்கு முன்னயே வந்துட்டோங்க. இந்த வூட்லதான் கீறோம். வேற எங்கயும் போவல.”

“பின்னாடி குந்திக்கினு இருந்தா யாருக்குத் தெரியும்?” என்றார் கடைக்காரர்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “பின்பக்கம் ஸ்கூல் எடந்தானா சார்?”

“இங்க முதல்ல கட்டினதே சமையற்கட்டுதான் சார். அதுக்கப்புறம்தான் இந்தக் கூடம்...”

“வருஷக் கணக்கெல்லாம் அப்புறம் பாப்போம். ஸ்கூல் எடமா, இல்லியா?”

“ஸ்கூல் இடம்தான்.”

அதிகாரி சற்று யோசித்தார். கூப்பிடுவது காதில் விழுந்தால் வரச் சொல்லி, அலுவலக எழுத்தரைப் பலா மரத்தடிக்கு அனுப்பினார். பிறகு தலைமையாசிரியை, முன்பு அழைத்த அதே குரலில், அந்தப் பெயரை மூன்று முறை மீண்டும் அழைத்தார். எழுத்தர் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது எழுத்தர் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் கூப்டலியா சார்?” என்றார்.

அந்தச் சுவர்களின் கனம் ஒரு முழத்துக்கும் மேல்.

இரண்டாவது சீட்டு செல்லாது என்று அதிகாரி அறிவித்தார். கடைக்காரர் பேனாவை மூடினார். “எம் பொண்ணு பேரு வந்தப்ப மட்டும் சொவரு மெல்லிசா இருந்துச்சா?” என்றார். மகளைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கிப் போனார்.

குழந்தையின் தாய் கையெழுத்துப் போடாமல் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவரு புள்ளைக்கும் ஒரு எடம் குடுங்களேன்.”

“இருந்ததே ஒண்ணுதாம்மா,” என்று அதிகாரி பேனாவை அவரிடம் நீட்டினார்.