கண்காட்சிக்குக் கொண்டுபோன தண்ணீர்

நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்குச் சொந்தமாகக் கிணறு கிடையாது. மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குப் போகும் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில், என் வீட்டுக்கு நேரெதிரே முன்பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் குடிப்பதற்கும் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் போனது. மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த அப்பா, காடு வெட்டிக் காணியாக்கிய கையோடு தோண்டிய கிணறு அது. கடும் கோடையிலும் வற்றாது. வாயில் வைத்தால் உப்பு தெரியாது.

என்னோடு உயர்தரம் படித்தவள் ஒருத்தி பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தாள். சண்டைக் காலத்தில் எங்கள் இரண்டு குடும்பங்களும் ஒரே தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்தன. முகாமில் என் அம்மாவின் காய்ச்சலுக்கு இரவிரவாக ஈரத்துணி போட்டவள் அவள். அதற்குப் பிறகு அவளை நான் சிநேகிதி என்று நினைத்ததில்லை, வீட்டு ஆள் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஸ்கூட்டியில் வருவாள். குசினிக்குள் வந்து அடுப்படியில் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பாள்.

கண்காட்சிக்காக வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப் போகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவளும் அவள்தான். எங்கள் பெற்றோர் கூட்டத்துக்கு அவளை நான் கூப்பிட்டேன்.

“ஒருத்தரும் வெட்கப்படாதேங்கோ. ஆய்வுகூடம் எல்லாம் திறந்திருக்கும், ஆரும் வந்து பாக்கலாம், கேக்கலாம். வரேக்க உங்கட கிணத்துத் தண்ணியிலை ஒரு போத்தல் கொண்டு வாங்கோ. சோதிச்சுப்போட்டு என்ன இருக்கெண்டு சொல்லுவம்” என்றாள்.

வான் பிடித்துப் போனோம். தாய்மார் கோயிலுக்குப் போவதுபோல உடுத்தி வந்திருந்தார்கள். நெல் இலையில் இருந்த பூச்சியை நுணுக்குக்காட்டியில் பார்த்த ஒருத்தி, “இவரோ எங்கட வயலை முடிச்சவர்” என்று கேட்டாள். விளங்கப்படுத்திக்கொண்டிருந்த மாணவி சிரித்துவிட்டாள். எனக்கு விஞ்ஞானம் படிக்கத்தான் ஆசை இருந்தது. சண்டை விடவில்லை. அன்று ஒரு மாணவன் என் கையில் கண்ணாடிக் குழாயைத் தந்து, “நீங்களே விடுங்கோ மிஸ்” என்றான். நான் விட்ட துளியில் குவளைத் தண்ணீர் முழுவதும் ஊதா நிறமானது. திரும்பி வரும்போது வானில் நான்தான் அதிகம் கதைத்தேன். வளாகத்தில் எங்கள் போத்தல்களை, எங்களை அழைத்த அவளே வாங்கி, பெயர் எழுதி ஒட்டி உள்ளே கொண்டுபோனாள்.

ஊர்ச்சனம் முடிவு கேட்கத் தொடங்கியது. நான் அவளிடம் கேட்பேன். “இன்னும் வரேல்லையடி” என்பாள். பிறகு, “மெசின் பழுது” என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

அந்த மாதங்களில் அவள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் விட்டாள். வெளிக்கிடும்போதுதான் குடித்தேன் என்பாள், இல்லாவிட்டால் விரதம் என்பாள். கைப்பைக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தாள். சீனி வருத்தம் வந்ததை மறைக்கிறாளாக்கும் என்று நினைத்து நான் கவலைப்பட்டேன். அவளுக்கென்று சீனி போடாமல் ஊற்றிக் கொடுத்தும் பார்த்தேன். ஆறிப்போய் அப்படியே இருந்தது.

அடுத்த வருடமும் கண்காட்சி வந்தது. இந்த முறை பஸ்ஸில் நான் தனியாகப் போனேன். நீர் ஆய்வு என்று எழுதியிருந்த மேசையில் ஒரு மாணவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“போன முறை சனம் கொண்டு வந்த தண்ணியிலைதான் இந்த ஆய்வைத் தொடங்கினது, மிஸ். சில இடத்திலை புளோரைட்டு நல்லாக் கூட. குடிச்சா ருசியிலை தெரியாது. சின்னப் பிள்ளையளுக்குப் பல்லிலை மண்ணிறக் கறை வரும், நாளாக எலும்பையும் தாக்கும்.”

“எந்த இடங்கள் தம்பி?”

அவன் சொன்ன இடங்களில் எங்கள் ஊரும் இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வாயைத் திறந்து சிரிப்பது கண்ணுக்குள் வந்தது. அந்தக் கறையை ரொபி இனிப்பால் வந்தது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“அங்கை இருக்கிற ஆக்களுக்குச் சொன்னீங்களோ?”

“சொல்லியிருப்பினம், மிஸ்” என்றான் அவன். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

அவள் மண்டபத்துக்குப் பின்னால் சாப்பாட்டுப் பார்சல்களை அடுக்கிக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“எப்ப தெரியும் உனக்கு?”

“போன வருசமே தெரியும்” என்றாள். “ஒரு போத்தலை வைச்சு முடிவு சொல்லேலாதாம். திருப்பி எடுத்துப் பாக்கோணுமாம். அதுவரைக்கும் வெளியிலை கதைக்க வேண்டாம் எண்டு மேலை இருக்கிறவை சொன்னவை. என்ர வேலையடி.”

“நான் வெளி ஆளோ?”

அவள் பார்சல் ஒன்றை எடுத்து மற்றதன்மேல் வைத்தாள்.

“சரி, எனக்குச் சொல்ல வேண்டாம். பிள்ளையளுக்குக் குடுக்காதை எண்டாவது சொல்லியிருக்கலாம். நீ மட்டும் குடிக்காமல் இருந்தனி.”

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பினேன்.

அன்று பின்னேரமே முன்பள்ளிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தேன். தாய்மாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “உங்கட சிநேகிதி எல்லோ எங்களைக் கூட்டிக்கொண்டு போனது” என்று ஒருத்தி கேட்டாள். கேட்டது நியாயம். பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீர் எடுத்துப் போனார். முடிவு ஒரு கிழமைக்குள் வந்தது, மாணவன் சொன்னதேதான். பிரதேச சபை முன்பள்ளி வாசலில் தண்ணீர்த் தாங்கி வைத்து பவுசர் லொறியில் கொண்டுவந்து நிரப்புகிறது. எங்கள் கிணற்றில் இப்போது குளிக்கிறோம், மரக்கறிக்கு இறைக்கிறோம். குடிப்பதில்லை. அப்பா உயிரோடு இல்லாதது நல்லது என்று சில நேரம் நினைப்பேன்.

வளாகத்துக்குப் போய் விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டேன். அவசரப்பட்டுச் சொல்லிச் சனத்தைக் கலவரப்படுத்தக் கூடாது என்றுதான் பொறுத்ததாகச் சொன்னார். மரியாதையாகத்தான் கதைத்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் அங்கேயே ஆறிவிட்டது. அவருக்கு நான் யாரோ ஒருத்தி.

அவளுடைய மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு மோதிரம் போட்டேன், பந்தியில் இருந்து சாப்பிட்டேன். வாசல்வரை வந்து, “இன்னும் கோவமோ?” என்று கேட்டாள்.

“இல்லை” என்றேன்.

“அப்ப இந்த ஞாயிறு வரட்டே?”

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். எனக்குத் தங்கச்சி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். “ஓம், போயிட்டு வா” என்றாள்.