மோனோ இருந்த கேன்

எத்திலீன் ஆக்சைடையும் அம்மோனியாவையும் சேர்த்துவிட்டால் சூடு கிளம்பி மூன்று சரக்கு பிறக்கும்: மோனோ, டை, டிரை எத்தனாலமைன். அம்மோனியாவைக் கூட்டினால் மோனோ அதிகம். சென்னைக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையில் இந்தக் கூட்டல் குறைத்தல்தான் என் வேலை. ஊருக்கு வந்தால் அளப்பேன். மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் அக்காவிடம், "நீ போடற ஷாம்பு, க்ரீம்லல்லாம் எங்க சரக்குதான்க்கா" என்று பீற்றிக்கொள்வேன். அது டிரை. மோனோ வேறு ரகம். எரிவாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்க அதுதான் வேண்டும், ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். அதைச் சொன்னால் பெருமை குறைந்துவிடுமே, சொல்லவில்லை.

உப்பளத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக அக்கா ஒரு கேன் கேட்டாள். கம்பெனியில் காலியான மோனோ கேன் ஒன்றைக் கேட்டில் சொல்லாமல் எடுத்துவந்தேன். அடியில் எண்ணெய் போலக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், கழுவவில்லை. "நல்லா கழுவிக்கோக்கா" என்றதோடு சரி.

மறுநாள் பாத்தி ஓரத்தில் அவள் கழுவ உட்கார்ந்தபோது மிச்சம் கையில் வழுவழுத்தது. தம்பி சொன்ன க்ரீம் சரக்கு, கொட்டுவானேன் என்று வெடித்த குதிகாலில் தேய்த்து, மேலே சாக்ஸை மாட்டிக்கொண்டு, கையையும் கேனையும் கழுவிவிட்டு வரப்பில் உப்பு வாரப் போய்விட்டாள். எரிந்திருக்கிறது. உப்பளத்துக் காலுக்கு எரிச்சல் என்ன புதிதா? வேறு யாராக இருந்தாலும் அலறிக்கொண்டு தண்ணீருக்கு ஓடியிருப்பார்கள். இவள் வெடிப்பில் உப்பு ஏறிவிட்டது என்று நினைத்துச் சாயங்காலம் வரை வேலை பார்த்தாள். சாக்ஸைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது.

செய்தி கேட்டு ஓடிவந்தேன். "வெடிப்புல உப்பு ஏறிடுச்சு, உன் சரக்க தேச்சும் கேக்கலடா" என்று கேனைக் காட்டினாள். அன்றே அந்தக் கேனை உடைத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "கால்ல என்னம்மா பட்டுச்சு?"

"உப்புத் தண்ணிதாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். கேனை எடுத்தது தெரிந்தால் என் வேலை போய்விடும். "ஆமா சார், உப்புதான்" என்றேன். வாய் கூசவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

"உப்பு உங்களுக்கு ஒத்துக்கல. இனிமே அதுல கால் வெக்காதீங்க."

கால் ஆறியது. இருபது வருஷமாகப் பார்த்த வேலையை விட்டுவிட்டு அக்கா இப்போது ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். போன வாரம் பஸ்ஸில் உப்பளத்தைக் கடக்கும்போது, "எத்தினி வருஷம் சோறு போட்டுச்சு! திடீர்னு என்னைய வேணாம்னுடுச்சு பாரு" என்றாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.