நாலு ஆமைக்குஞ்சு, நாலு முதுகு

மாட்டுக்கு ஊசி போடும்போது பிழை விட்டால் உதை உடனே விழும். ஆமை வளர்ப்பில் விட்ட பிழைக்கு உதை மூன்று வருஷம் கழித்துத்தான் விழும்.

நான் கிளிநொச்சிப் பக்கத்தில் மிருக வைத்தியராக இருக்கிறேன். எங்கள் இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. சனம் வைத்த பெயர் மாட்டு ஆஸ்பத்திரி. மாடு வரும், ஆடு வரும், கோழி வரும், கடிபட்ட நாய் வரும். ஆமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வந்தது, அதுவும் ஒரே நாளில் நாலு.

உங்களில் யாராவது ஆமைக்குஞ்சு ஒன்றை ஆசையாக வளர்த்து, அதன் ஓடு அன்னமுன்னா என்கிற சீத்தாப்பழம் மாதிரி மேடு மேடாய் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாமல் இருந்திருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். மற்றவர்களுக்கு இந்தக் கவலை விளங்காது.

மண் நடந்த கதை

தர்மபுரம் பக்கம் வாய்க்கால் துப்புரவாக்கிக்கொண்டிருந்த பெக்கோ என்கிற மண் அள்ளும் இயந்திரத்தின் சாரதி தேவன். ஒரு நாள் மத்தியானம் சேற்றுச் சப்பாத்தோடு நேராக என் அறைக்குள் வந்து, சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். உள்ளே நாலு நட்சத்திர ஆமைக்குஞ்சுகள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியை விடச் சின்னது. மஞ்சளும் கறுப்பும் கலந்த முதுகில் இன்னும் முட்டை ஓட்டுத் துண்டு ஒட்டியிருந்தது. மழை விழுந்து மண் இளகினதும் வெளியே வரவிருந்த குஞ்சுகள். பெக்கோவின் கரண்டி முந்திவிட்டது. இன்னும் இரண்டு முட்டை நசிந்துபோனதாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அவ்வளவு பெரிய கரண்டியில் மண்ணோடு மண்ணாய் வந்ததை எப்படிக் கண்டீர்கள் என்று கேட்டேன்.

“மண் நடக்கிறதை இண்டைக்குத்தான் டொக்டர் முதன்முதலாய்ப் பார்த்தனான்” என்றார்.

ஆளுக்கு ஒன்று

நட்சத்திர ஆமையை நினைத்தபடி வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாது. வனவிலங்கு அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். இவ்வளவு சின்னனை இப்போதே காட்டில் விட்டால் காகத்துக்குத்தான் தீனி, கையளவு வரும்வரை உங்கள் பொறுப்பில் வையுங்கோ, பிறகு சேர்ந்து கொண்டுபோய் விடுவோம் என்றார். நாலையும் ஒரே தொட்டியில் வைக்க எனக்குப் பயம். ஒரு கீரி புகுந்தால் நாலும் போய்விடும். அதனால் பிரித்து வளர்ப்போம் என்று அவரிடமே கேட்டு, அன்றைக்கு அங்கே நின்றவர்களிடம் கொடுத்தேன். ஒன்று தேவனுக்கு. ஒன்று, பூனைக்கு ஊசி போட வந்திருந்த சாந்தி ரீச்சருக்கு. ஒன்று, எங்கள் யன்னலுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த தச்சர் ராமையாவுக்கு. மிச்சம் ஒன்று எனக்கு.

மூன்று பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். சாப்பாடு புல்லும் மூக்கிரட்டைக் கீரையும் செவ்வரத்தை இலையும். சோறு, பாண், பால், பருப்பு, கச்சான்கடலை ஒன்றும் வேண்டாம். வெயில் நேரே படவேண்டும், நிழலுக்கு ஒதுங்க இடமும் வேண்டும். படுக்கிற இடம் ஈரப்பதமாக இருக்கவேண்டும். தினமும் காலையில் தட்டையான பாத்திரத்தில், கழுத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடவேண்டும். வளர்கிற வயதில் உடம்பு காய்ந்தால் ஓடு மேடு தட்டும், தட்டின மேடு பிறகு இறங்காது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

ரீச்சர் சிரித்தார். “இவ்வளவுதானே டொக்டர்? ஒரு பிள்ளையை வளர்க்கிறதை விட இது லேசு.”

குளிப்பு

என்னுடையதை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மாட்டுப்புல் நட்ட பாத்தியின் ஓரத்தில் கம்பிவலை அடித்து வைத்தேன். புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது அதுவும் நனையும். ஒரு மூலையில் நனைத்த தேங்காய்த் தும்பு. காலையில் குளிப்பு. தண்ணீர் பட்டதும் கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தால் வேலை மறந்துபோகும்.

ஒரு காலை அப்படி மறந்துதான் போனேன். மடி வீங்கின மாட்டை நாலு கட்டை தூரம் நடத்திக்கொண்டு வந்த ஒருவர், நான் விரலால் ஆமையின் முதுகுக்குத் தண்ணீர் தெளிப்பதை வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

“டொக்டர், என்ர மாட்டுக்கும் ஒரு ஓடு இருந்திருந்தால் இவ்வளவு நேரம் நிண்டிருக்காது.”

யன்னல் வெயில்

சாந்தி ரீச்சர் தன்னுடைய குஞ்சை அறைக்குள் பிளாஸ்டிக் பேசினில் வைத்திருந்தார். வெளியே விட்டால் காகம் தூக்கும், பூனை பிராண்டும் என்று பயம். அவர் பயந்ததில் பிழையில்லை. வெயிலுக்கென்று கண்ணாடி யன்னலுக்குக் கிட்டப் பேசினை நகர்த்துவார். கண்ணாடிக்குள்ளால் வெளிச்சம் வரும், சூடும் வரும். எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டியது மட்டும் வராது. அதை நான் சொல்லியிருக்கவில்லை. வெயில் என்றால் வெயில்தானே என்று நினைத்துவிட்டேன்.

அது ஏழெட்டு மாதத்தில் நடக்க மாட்டாமல் என்னிடம் வந்தது. முதுகில் விரல் வைத்தேன். நனைந்த கடுதாசி அட்டை மாதிரி உள்ளே அமுங்கியது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், இலையைத் தின்னாமல் கிடந்தபோது மனம் கேட்காமல் பாலில் நனைத்த பாண் கொடுத்தாராம். அதை மட்டும் ஆசையாகத் தின்றதாம். சுண்ணச்சத்து ஊட்டினேன், காலை வெயிலில் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நேரம் கடந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் ரீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தார். குஞ்சு அன்று காலையிலேயே செத்துப்போயிருந்தது. அவர் பேசினை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினார்.

“அது பசியோட சாகேல்லைத்தானே, டொக்டர்?”

தேக்குப் பெட்டி

ராமையாவின் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறினவர். ராமையா இங்கேயே பிறந்தாலும் பேச்சில் மலைநாடு இன்னும் இருக்கிறது. அந்தப் பகுதியில் அவருடைய கதவுகள் இல்லாத வீடு குறைவு. குஞ்சைக் கொண்டுபோன கிழமையே அதற்கு ஒரு தேக்குப் பெட்டி செய்தார். மூலைக்கு மூலை பொருத்து, ஓர் ஆணி வெளியே தெரியாது. அடியில் இழைப்புளிச் சீவலை மெத்தை மாதிரிப் பரப்பியிருந்தார். நாளுக்கொருமுறை வெயிலிலும் வைப்பார்.

இரண்டாவது மழைக்காலம் முடிய அதைக் காட்ட வந்தார். ஓடு கல்லு மாதிரி உறுதி. ஆனால் முதுகில் ஒவ்வொரு கட்டமும் சின்னச் சின்னக் கோபுரமாய் எழும்பியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கச்சானையும் ஊறவைத்த பருப்பையும் கொடுத்திருக்கிறார். குளிப்பாட்டவே இல்லையா என்று கேட்டேன்.

“ஈரம் பட்டா பலக ஊதிருமுங்க, டாக்டரம்மா” என்றார். “அதான் ஒரு சொட்டு படாம வச்சிருந்தேன்.”

தேவனின் வாளி

தேவன் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. பெக்கோ போகிற இடமெல்லாம் ஆமையும் போனது, ஒரு வாளிக்குள். இன்றைக்குப் புளியங்குளம், வருகிற மாதம் கொக்கிளாய். கொக்கிளாயில் வேலை செய்த நாட்களில் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, எனக்கும் ராமையாவுக்கும் பஸ்ஸில் கொடுத்துவிடுவார். ஆமை கடித்துத் தின்ன அதைவிட நல்ல சுண்ணாம்பு இல்லை. அவருடைய ஆமை எப்படி இருக்கிறது என்று கேட்டால் “சோக்காய் இருக்கு” என்பார். எனக்கு அதைக் காணக் கிடைக்கவில்லை.

பிறகொரு நாள் வெறுங்கையோடு வந்தார். விட்டுவிட்டாராம். வேலை செய்த இடத்துக்குக் கிட்ட ஒரு பற்றைக்காடு, மழை பெய்து புல் முளைத்திருந்ததாம். வாளியைச் சரித்தாராம். அது திரும்பிப் பார்க்காமல் போனதாம். எனக்குக் கோபம் வந்தது. கையளவு வரவில்லை, அதிகாரிக்குச் சொல்லவில்லை, முதுகு எப்படி வளர்ந்தது என்று நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எந்த இடம் என்று கேட்டேன்.

“சொல்லமாட்டன் டொக்டர். சொன்னால் நீங்கள் போய்த் தேடுவீங்கள்.”

சாண்ட் பேப்பர்

ராமையாவுக்கு நான் சொன்னது இரண்டு விஷயம். இனி ஈரமாய் வைத்து, கச்சானை நிறுத்தி, கீரை கொடுத்தால் புதிதாக வளர்கிற பகுதி நேராய் வரும். ஆனால் எழும்பின மேடு எழும்பினதுதான், சாகும்வரை அப்படியே இருக்கும். முதலாவதை அவர் உடனே ஏற்றுக்கொண்டார். பெட்டியை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, கிணற்றடியில் வாழைக்குக் கீழே வேலி அடைத்தார். இரண்டாவதை அவரால் ஏற்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க மேடு பள்ளத்தை மட்டமாக்கின மனுசன்.

ஒரு மாதம் கழித்து, கட்டியிருந்த சாரத்தின் நுனியில் ஆமையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். சாரத்தில் இரத்தம். நுணுக்கமான சாண்ட் பேப்பர் எடுத்து ஒரேயொரு மேட்டை மட்டும் மெல்ல மெல்லத் தேய்த்திருக்கிறார். மேல் ஓடு நகம் மாதிரி மெல்லிசு. அதற்குக் கீழே உயிருள்ள எலும்பு. தேய்க்கும்போது அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்ததாம். வலித்தால் கத்தும் என்று காத்திருந்தாராம்.

கழுவி மருந்து போட்டுக் கட்டினேன். ஏசுவதற்கு வாய் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மரத்துல தப்பு விட்டா தேச்சு எடுத்துருவேன், டாக்டரம்மா. யாருக்கும் தெரியாது. இதுல மட்டும் ஏங்க முடியாமப் போச்சு?”

தடுப்பூசி நாள்

என்னுடையது மூன்றாவது வருஷத்தில் கையளவு வந்தது. முதுகு கவிழ்த்த கிண்ணம் மாதிரி வழுவழுவென்று ஒரே வளைவு. ஒவ்வொரு கறுப்புக் கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கீற்று நேர்கோடாய் விரிந்திருந்தது. பத்து வருஷம் மாட்டு வயிற்றுக்குள் கை விட்டவளுக்கு, இதை நான் வளர்த்தேன் என்று காட்ட ஒன்று கிடைத்திருந்தது. முதல் மழை விழட்டும், புல் வரட்டும், கொண்டுபோய் விடுவோம் என்று அதிகாரி நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்கு முந்தி தடுப்பூசி நாள் வந்தது. ஊரெல்லாம் மாடு கொண்டுவந்து நின்றது. பின்பக்கம் தண்ணீர் காட்டப் போன சிலர் ஆமையைக் கண்டு என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போய்த் தூக்கிக் காட்டினேன். எப்படி இவ்வளவு மினுக்கம் என்று ஒருவர் கேட்டார். ஈரம், வெயில், கீரை என்று பெருமையாகப் பாடம் நடத்தினேன். ஊசி முடிந்து, சனம் கலைந்து, கை கழுவிக்கொண்டு பின்னால் போனபோது வலை ஓர் ஓரத்தில் மடிந்திருந்தது. புல்லுக்குள் தேடினேன், வேலி நெடுகத் தேடினேன். பிறகு தும்பைக் கையால் கிளறினேன். அதற்குள் இருக்காது என்று தெரிந்துகொண்டே கிளறினேன்.

இந்த ஆமைகளைக் கடல் கடத்தி விற்கிற கூட்டம் இருக்கிறது என்பது நாங்கள் எல்லாரும் அறிந்த கதை. பொலிசில் முறைப்பாடு எழுதினேன். அதிகாரிக்குச் சொன்னேன். அவர் கேட்டார்:

“ஓடு அவ்வளவு நல்லாய் வந்ததோ, டொக்டர்? அப்ப அது திரும்பி வராது.”

ஓரம்

ஒரு மாதமாக அந்தப் பாத்திப் பக்கம் போகவில்லை. பிறகு, தர்மபுரத்தில் ஒரு பசுவைப் பார்க்கப் போனவள் ராமையா வீட்டுக்கும் போனேன். களவு போன சங்கதி அவருக்கு எட்டியிருந்தது. தேத்தண்ணி தந்தார். கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வாழை நிழலில் ஈர மண்ணில் அது கிடந்தது. எழும்பின கோபுரங்கள் எல்லாம் அப்படியே. ஒன்றின் தலையில் மட்டும் வெள்ளைத் தழும்பு. இதைக் காட்டில் விட அதிகாரிக்கு மனமில்லை. காலடிச் சத்தம் கேட்டால் ஒளியாமல் ஓடிவருகிற ஆமை காட்டில் தங்காது என்று ராமையாவின் பொறுப்பிலேயே விட்டிருந்தார். ராமையா அதைத் தூக்கி என் கையில் வைத்து, என் பெருவிரலைப் பிடித்து ஓட்டின் ஓரம் நெடுக ஓட்டினார். ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே, புதிதாக வளர்ந்த வளையங்கள் ஒன்றுக்கொன்று மட்டமாய், விரலுக்குத் தட்டுப்படாமல் போயின. அவருக்கு அது தெரிந்திருந்தது. நான் சொல்லக் காத்திருந்தார். நல்லாய் வந்திருக்கு என்றேன். என்னுடைய ஆமையின் முதுகு முழுக்க இப்படித்தான் இருந்தது.

அவர் ஆமையைத் திரும்ப வாங்கி ஈரத்தில் விட்டார்.

“மேல இருக்கிறது நான் செஞ்சது, டாக்டரம்மா. ஓரத்துல இருக்கிறது அதுவா செஞ்சுகிட்டது.”

இப்போது யாராவது ஆமைக்குஞ்சோடு வாசலில் வந்து நின்றால், நான் முதலில் பார்ப்பது குஞ்சை அல்ல, கொண்டுவந்தவர் அதன்மேல் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறார் என்பதைத்தான். ஆசை அளவுக்கு மிஞ்சிப்போயிருந்தால் அன்றைக்கு மருந்து எழுதவேண்டியது அவருக்கு.