பனியில் வெட்டிய வரிசை

அந்த ஜனவரி மாதம் முழுவதும் ஓஸ்ட்பி குடும்பம் அடுப்பங்கரை மேடையோரம் நின்றுகொண்டே சாப்பிட்டது. சாப்பாட்டு மேசை காலியாக இல்லை. ஃப்ளோரிடாவில் இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவின் வரைபடம் அதன்மேல் விரிந்து கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் உப்பு ஜாடி, இன்னொன்றில் கெட்ச்சப் புட்டி, மற்ற இரண்டிலும் குழந்தைகளின் பூட்ஸ். வரைபடத்தின் நடுவே, கால்சட்டை போட்ட நீர்நாய் ஒன்று இரண்டு கைகளையும் விரித்து உலகத்தையே அழைத்துக்கொண்டிருந்தது.

மேசையை ஆக்கிரமித்தவன் டாரின் ஓஸ்ட்பி. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், வெஸ்ட்ஹோல்ம் என்ற சிற்றூரில், மாவட்டச் சாலைகளில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். போன தெருவிலேயே மறுபடி போகிற ஓட்டுநரை அவன் மனிதனாகவே மதிப்பதில்லை. அந்தக் கொள்கையைப் பூங்காவுக்கும் அப்படியே பொருத்திவிட்டான். வாசலில் நுழைந்ததும் வலது, தேநீர்க் கோப்பை ராட்டினம், மறுபடி வலது, நீர்நாயின் படகு, வலது, கழிப்பறை, வலது, தூக்கம். எந்தப் பாதையும் எந்தப் பாதையையும் வெட்டாது. படைத்தளபதிகள் இப்படித் திட்டம் போட்டிருந்தால் எத்தனையோ போர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்திருக்கும்.

படை என்று சொல்லத்தக்கது ஆஸ்கர், ஃபிரேயா என்ற இரட்டையர். இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை.

"எல்லாம் சரி, டாரின். இந்த மேப்புல வரிசை எங்க இருக்கு?" என்றாள் ஜேனல், தட்டைக் கையில் ஏந்தியபடி. அவள் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். கேள்வி கேட்டுவிட்டு எதிராளி வாயைத் திறக்கும்வரை பொறுமையாக நிற்பது அவளுக்குத் தொழில் பழக்கம்.

"வரிசையா? அது... வரிசை தானா வரும்."

"அதான் கேக்குறேன். மளிகைக் கடையில பில் போட நமக்கு முன்னாடி ஒரே ஒருத்தர் நின்னாங்க. உன் பையன் தரையில படுத்துட்டான். உன் பொண்ணு அவன் மேல படுத்துட்டா. மைக்குல நம்ம பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க."

ஊரே கேட்ட அறிவிப்பு அது.

ஜேனல் அங்கேயே தீர்ப்பு எழுதினாள். சனிக்கிழமை ஹாட்டிஷ் செய்யப் போகிறாள். அரைத்த மாட்டிறைச்சியின் மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி, மின்னடுப்பில் வைத்து எடுக்கும் அந்தப் பண்டம் வேக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இரட்டையர் ஒரு வரிசையில் நிற்க வேண்டும். அழக் கூடாது. நின்றால் ஃப்ளோரிடா. அழுதால், வழக்கம்போல் ஜூலையில் அவள் அண்ணன் ரஸ்ஸின் ஏரிக்கரைக் குடிசை.

"ரஸ் சனிக்கிழமை வர்றான், பதில் கேக்க. ஏதாவது ஒண்ணு சொல்லி அனுப்பணும்," என்றாள்.

அந்தக் குடிசையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் டாரினின் குறை. கல்யாணம் ஆன நாள்முதல் ஒவ்வொரு ஜூலையிலும் ரஸ்ஸின் படகில், கையில் ஒரு புழுவுடன், துக்க வீட்டுக்கு வந்தவன்போல் அவன் உட்கார்ந்திருக்கிறான். படகில் பேசக் கூடாது, மீன் கேட்டுவிடும். கரையிலும் பேசுவதில்லை, கேட்க மீன்கூட இல்லை. இன்னொரு ரகசியமும் இருந்தது. அதை மனைவியிடம்கூட டாரின் சொன்னதில்லை. அந்தப் பூங்காவின் விளம்பரத்தில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், அவன் வயதுதான் இருக்கும், தண்டவாளத்தில் தலைதெறிக்கப் பாயும் பெட்டியில் கைகளைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார். வெஸ்ட்ஹோல்மில் யாரும் கத்துவதில்லை. வீடு தீப்பிடித்தால் "கொஞ்சம் சூடா இருக்குல்ல?" என்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் இடத்தில், ஒரு வளர்ந்த ஆண்மகனாக வாய்விட்டுக் கத்திப் பார்க்க வேண்டும் என்பது டாரினின் ஆசை. நீர்நாயெல்லாம் சும்மா ஒரு சாக்கு.

சனிக்கிழமை காலை வீட்டின் முன்னால் இடுப்பளவு பனி கிடந்தது. மற்றவர்களுக்கு அது வானிலை. டாரினுக்கு அது மூலப்பொருள். பனியை ஊதித் தள்ளும் இயந்திரத்தை உறுமவிட்டு முற்றத்துக்குள் இறங்கினான். தெருவோரம் தொடங்கி, இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, குடல்போல் மடங்கி மடங்கிச் செல்லும் ஒரு பாதையை வெட்டி முடித்தான். பாதையின் முடிவில் ஊதா நிறப் பிளாஸ்டிக் சறுக்குவண்டி. அதன் கயிற்றின் மறுமுனை டாரினின் இடுப்பில். ஏறி உட்கார்ந்தால் வண்டி, கார் நிறுத்தும் கராஜைச் சுற்றி, ஒரு தார்ப்பாய்க் குகைக்குள் நுழைந்து வெளியே வரும். இயந்திரமும் அவனே, இயக்குநரும் அவனே.

"வேலை மோசமில்ல," என்றாள் ஜேனல். அந்த ஊரில் இதற்குமேல் பாராட்டு கிடையாது. ஹாட்டிஷை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, பஞ்சு மூட்டைகள்போல் உடுத்திவிட்ட இரட்டையரை அழைத்துக்கொண்டு வந்து வரிசையின் தலைமாட்டில் நின்றாள்.

டாரின் வழியின் குறுக்கே ஒரு சங்கிலியைப் போட்டான். "மன்னிக்கணும். வண்டி பழுது. கொஞ்சம் காத்திருங்க."

அப்போது பக்கத்து வீட்டு மெர்ல் நாயோடு தெருவில் வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மனிதன் இவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறான், ஒரு குடும்பம் அமைதியாக நிற்கிறது. எதற்கு என்று கேட்பது அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது. கேட்காமல் போவதோ மரியாதைக் குறைவு. ஆகவே மெர்ல் வரிசையில் சேர்ந்தார்.

"நீங்க முன்னாடி போங்க, மெர்ல்," என்றாள் ஜேனல். "நாங்க வீட்டுக்காரங்க."

"அய்யய்யோ, வேணாம்மா."

"பரவாயில்ல, போங்க."

"அப்படியா சொல்ற?"

"அட, போங்கன்னா!"

மூன்றாவது முறை சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு என்பதால், மெர்ல் அப்போதுதான் முன்னே போனார். அடுத்து எதிர்வீட்டுப் பள்ளி ஆசிரியை வந்தாள், கையில் எலுமிச்சை இனிப்புத் தட்டோடு. ஏதாவது விசேஷமாக இருந்தால் வெறுங்கையோடு வரலாமா? அவளையும் ஜேனல் முன்னே அனுப்பினாள். பிறகு தபால்காரி. பிறகு தேவாலயத்துப் பாடகர் குழுவில் பாதி. வரிசை வளர வளர, முதலில் நின்ற இரட்டையர் பின்னால், பின்னால், பின்னால் நகர்ந்துகொண்டே போனார்கள். சறுக்குவண்டியருகே கயிறும் கையுமாக நின்ற டாரின் எட்டி எட்டிப் பார்த்தான். ஃப்ளோரிடா அவன் கண்ணெதிரே தெருமுனை வரை போய்விட்டது.

போதாக்குறைக்கு ரஸ்ஸின் பிக்கப் லாரி வந்து நின்றது. ரஸ் இறங்கினான், கூட்டத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் தங்கைக்கு அடுத்ததாக நின்றான். பந்தயம் என்ன என்பதை ஜேனல் காதோடு சொன்னாள். ரஸ்ஸின் முகத்தில் அபூர்வமாக ஓர் ஒளி தெரிந்தது. மருமகளின் உயரத்துக்குக் குனிந்தான்.

"கண்ணு, குளிருதா?"

"இல்ல."

"கால் வலிக்குமே? அழுகை வருமே?"

ஃபிரேயா அவனைக் கொஞ்சம் பார்த்தாள். "மாமா அழு," என்றாள்.

"நான் எதுக்குடி அழணும்?"

"அழு!" என்று ஆஸ்கரும் சேர்ந்துகொண்டான். மாமனை அழவைப்பது அந்த வரிசையின் முதல் கேளிக்கை ஆயிற்று. இரண்டாவது கேளிக்கை, பனிச்சுவரை நக்குவது. மூன்றாவது, மெர்லின் நாய்; அது வரிசை ஒழுங்கை மதிக்காமல் ஒவ்வொருவர் கால் இடுக்கிலும் புகுந்து வந்து இவர்கள் முகத்தை நக்கிவிட்டுப் போயிற்று. நடுவில் ஆஸ்கரின் கையுறை ஒன்று காணாமல் போனது. அவன் கீழுதடு துடித்தது. ரஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஜேனல் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தாள். ஆனால் ஆஸ்கரின் வெறுங்கை தற்செயலாக ஆசிரியையின் இனிப்புத் தட்டில் போய் முட்டியது. கையுறை இல்லாத கையின் உபயோகம் அவனுக்கு அப்போது விளங்கிவிட்டது. ஃபிரேயாவும் தன் கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

முன்னே, டாரின் சங்கிலியை எடுத்துவிட்டான். "வண்டி தயார்! ஏறுங்க, மெர்ல்."

"நானா? எனக்கென்ன அவசரம். டீச்சர் போகட்டும்."

"நீங்கதான முதல்ல வந்தீங்க!" என்றாள் ஆசிரியை.

"நீங்க இனிப்பெல்லாம் கொண்டுவந்திருக்கீங்க."

"அதுக்கென்ன? நீங்க நாய் கொண்டுவந்திருக்கீங்க."

"அப்போ தபாலம்மா போகட்டும், வேலை நேரம் பாவம்."

"அய்யோ, எனக்கு இன்னும் பாதித் தெரு இருக்கு, நான் மெதுவாப் போறேன்."

ஒவ்வொருவரும் மூன்று முறை மறுக்க வேண்டும். மறுத்தவர் அடுத்தவரை அழைத்ததும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கணிதப்படி இதற்கு முடிவு கிடையாது.

"சின்னப் பிள்ளைங்கள விடலாமே?" என்று பாடகர் குழுவில் ஒருவர் வழி கண்டார்.

"வேணவே வேணாம்," என்றாள் நீதிபதி ஜேனல், வரிசையின் கடைக்கோடியிலிருந்து. "அவங்க முறை வரட்டும்."

டாரின் ஊதா வண்டியைப் பார்த்தான். கேளிக்கைப் பூங்கா தயார். மக்கள் தயார். ஒரே ஒரு மனிதனின் பிருஷ்டம் அந்த வண்டியில் பட்டால் போதும், உலகம் நகர ஆரம்பித்துவிடும். உதவ ஆள் இல்லை. கால் கட்டைவிரலில் ஆரம்பித்த ஏதோ ஒன்று முழங்கால் ஏறி, வயிறு ஏறி, நெஞ்சைக் கடந்து வாய்க்கு வந்தது.

"யாராவது ஒருத்தர் ஏறித் தொலைங்களேன்!"

அந்தத் தெருவில் அதற்குமுன் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. எதிர்ச்சாரியில் இரண்டு ஜன்னல்களின் திரை விலகியது. நாய் உட்கார்ந்துவிட்டது. டாரின் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். பிறகு விரலிடுக்கில் ஒன்றைக் கவனித்தான்: நன்றாக இருந்தது. ரொம்பவே நன்றாக இருந்தது.

"ஏறித் தொலை!" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஆனந்தமாக ஒரு குரல் வந்தது. "தொலை! தொலை!" என்று இன்னொன்று.

மெர்ல் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மிகுந்த கௌரவத்தோடு வண்டியில் உட்கார்ந்தார். டாரின் இழுத்தான். கராஜ் மூலையில் வண்டி ஒருக்களித்தபோது, முப்பது வருடம் மின்கம்பம் ஏறியும் ஒரு சத்தம் போடாத அந்த மனிதரிடமிருந்து குதிரை கனைப்பதுபோல் ஒரு கத்தல் கிளம்பியது. பிறகு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஆசிரியை கீச்சிட்டாள். தபால்காரி பையோடு ஏறி "இன்னொரு சுத்து!" என்றாள். பாடகர் குழு நான்கு சுருதியில் அலறியது. ஒவ்வொருவரோடும் டாரினும் கத்தினான். இழுப்பவன் ஏன் கத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது அவன் விஷயம்.

இரட்டையருக்கு முன்னால் ஒரே ஒருவர் நின்றபோது உள்ளே அடுப்பின் மணி அடித்தது.

"வெந்துருச்சு," என்றாள் ஜேனல். "அழல." அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, குனிந்து இரண்டு முகங்களையும் சோதித்தாள். கன்னத்தில் இருந்த ஈரம் நாயினுடையது.

இரட்டையர் ஏறினார்கள், சுற்றினார்கள், இறங்கினார்கள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் ஹாட்டிஷ் சாப்பிட உள்ளே போனார்கள். கடைசிக் கரண்டியை யாரும் எடுக்க மாட்டேன் என்று அங்கேயும் ஒரு பிரச்சினை எழுந்தது. அந்தச் சந்தடியில் ஆஸ்கரும் ஃபிரேயாவும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

வெள்ளைப் பாதை வளைந்து வளைந்து காலியாகக் கிடந்தது. மெர்ல் இல்லை. தபால்காரி இல்லை. நிற்க முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை.

ஆஸ்கர் பனியில் படுத்தான். ஃபிரேயா அவன்மேல் படுத்தாள். அழுகை ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டி வரை கேட்டது.

ரஸ்தான் முதலில் வாசலுக்கு வந்தான், கையில் முள்கரண்டியோடு. "ஆஹா! அழுதாச்சு! ஜேனல், பாத்தியா? அழுகைன்னா அழுகைதான்."

டாரின் காலுறையோடு பனியில் இறங்கி ஓடினான். "என்ன ஆச்சு கண்ணுங்களா? விழுந்துட்டீங்களா?"

"வரிசை!" என்று கதறினாள் ஃபிரேயா. "வரிசை வேணும்!"

"வரிசை போயிடுச்சு!" என்று ஆஸ்கர் வானத்திடம் முறையிட்டான்.

ஜேனல் வந்து நின்றாள். திறந்து கிடந்த இரண்டு வாய்களையும் தொழில் முறையில் எட்டிப் பார்த்தாள். டாரின் நீதிமன்றத்தில் நிற்பவன்போல் எழுந்து நின்றான்; காலுறை நனைந்துகொண்டிருந்தது.

"வரிசையில நின்னு அழக் கூடாதுன்னுதான் சொன்ன," என்றான். "வரிசை இல்லாததுக்கு அழுதா எந்தக் கணக்கு?"

"அதெல்லாம் வக்கீல் பேச்சு," என்றான் ரஸ்.

ஜேனல் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ரஸ், ஜூலையில உன் படகுல வேற யாரையாவது உக்கார வச்சுக்கோ," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "வரிசைக்காக அழுற பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போக உலகத்துலயே அந்த ஒரு இடந்தான் இருக்கு."

டாரின் பனியில் மண்டியிட்டு இரண்டு மூட்டைகளையும் இரண்டு கைகளில் வாரிக்கொண்டான்.

"அழாதீங்க. அப்பா கூட்டிட்டுப் போறேன். அங்க பொழுது விடிஞ்சா வரிசை, பொழுது சாஞ்சா வரிசை. உள்ள போக வரிசை, சாப்பிட வரிசை, மூச்சா போக வரிசை. அதுக்குன்னே டிக்கெட் போட்டு விக்கிறாங்க."

விசும்பல் நின்றது. "நெசம்மா?" என்றான் ஆஸ்கர்.

"சத்தியமா!" என்று டாரின், தெருவே கேட்கும்படி கத்தினான்.