நிறம் மறைந்த கிணறு

கதைப் புத்தகம் படித்து எவனும் செத்ததில்லை. ராஜா ராணிக் கதையோ துப்பறியும் கதையோ, வாங்கிக்கொண்டு போனவன் இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவான். இல்லாவிட்டால் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துபோனதற்காகப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அதோடு சரி. உபயோகமான புத்தகம் இருக்கிறதே, அது வேறு ரகம். அதை நம்பி ஒருவன் தன் வீட்டில் ஒரு காரியம் செய்கிறான். அப்புறம் நடப்பதைப் பார்க்க எழுதியவனும் வரமாட்டான், அச்சடித்தவனும் வரமாட்டான். மதுரையில் புது மண்டபத்துக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கும் சேக் இஸ்மாயில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கடையில் உபயோகமான புத்தகங்களுக்கென்று ஒரு மூலை உண்டு. தீண்டாமை ஏன் கூடாது, சுயராஜ்யம் வந்தால் வரி போடுவது யார், கொசுவால் வரும் கேடு என்ன, கண்மாயைத் தூர்த்தால் ஊர் என்ன ஆகும், இந்த மாதிரியான சமாச்சாரங்கள். அந்தப் பக்கம் ஈ காக்காய் எட்டிப் பார்க்காது. துளசிராம் அண்ணன் ஒருவர்தான் வருவார். சௌராஷ்டிரக்காரர், நூலுக்குச் சாயம் போடுவது தொழில். முழங்கை வரைக்கும் சிவப்பாக இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து தலைப்புகளை மட்டும் படிப்பார். எது வேண்டுமென்று தாடையால் காட்டுவார். நான் எடுத்து அவர் கக்கத்தில் சொருகிவிட வேண்டும். அவ்வளவு மரியாதை புத்தகத்தின் மேல்.

அவர் படிக்கிற அழகே தனி. சாயத் தொட்டிக்கு முன்னால் நின்று கோலால் நூலைப் புரட்டிக்கொண்டே படிப்பார். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பது அவர் மனைவி பத்மாசினி மதினி. மதினிக்கு எழுத்துத் தெரியாது. இவர் தலையை ஆட்டினால் பக்கத்தைப் புரட்ட வேண்டும், அதுதான் வேலை. தமிழில் ஒரு வரி படிப்பார்; அதைத் தங்கள் வீட்டுப் பாஷையில் விளக்கிச் சொல்வார். சந்து முழுக்கச் சாயக்காரர்கள்தான். அவரவர் தொட்டியில் நின்றபடியே கேட்பார்கள், குறுக்குக் கேள்வி கேட்பார்கள், சண்டையும் போடுவார்கள். குழந்தைக் கல்யாணத்தைப் பற்றிய ஒரு புத்தகத்தால் அந்தச் சந்தில் இரண்டு சம்பந்திகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள் என்றால் பாருங்களேன்.

மதினியும் நூல் அலசுகிறவர் ஆகையால் கை ஈரமாகத்தான் இருக்கும். எல்லாப் புத்தகத்திலும் பக்க ஓரத்தில் சிவப்பாகக் கட்டைவிரல் ரேகை விழுந்துவிடும். ஒருநாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மதினி, பக்கத்துக்குப் பக்கம் ரேகை வச்சிருக்கீக? புஸ்தகமா, கிரயப் பத்திரமா?" என்று கேட்டேன்.

"படிக்கத் தெரியாதவ கைநாட்டுத்தான பாய் வைக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இருபதுகளின் கடைசியில் ஒரு வருஷம். அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்பிய வாரமே ஊரில் வாந்திபேதி வந்துவிட்டது. வைகையில் தண்ணீர் இல்லை, மணலில் தோண்டிய ஊற்றையெல்லாம் கூட்டம் கலக்கி வைத்திருந்தது. வண்டி கட்டிக்கொண்டு போக முடிந்தவர்கள் போனார்கள். பத்மாசினி மதினியும் பரமக்குடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று மூட்டை கட்டிவிட்டார். துளசிராம் அண்ணன் மசியவில்லை. அந்த மாசம்தான் என்னிடம் வாந்திபேதி பற்றிய ஒரு சின்னப் புத்தகம் வாங்கியிருந்தார்.

"ஓடிப் போறது எதுக்கு? கிணத்துக்கு மருந்து போடச் சொல்லி இதுல விவரமா எழுதியிருக்கு. சந்தே நம்மள நம்பி நிக்கிது, நாமளே மூட்டையத் தூக்குனா நல்லாவா இருக்கும்?" என்று மதினியிடம் சொன்னாராம்.

இங்கிலீஷ் மருந்துக் கடையில் அந்த மருந்தை வாங்கிவந்தார். கறுப்பு உப்புப் போல இருக்கும். தண்ணீரில் போட்டால் கத்தரிப்பூ நிறத்தில் கரையும். சந்தின் பொதுக் கிணற்றில் இறைத்து, வாளியால் கலக்கிவிட்டார். தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வந்தது. 'நிறம் மறைந்த பின்னரே அந்நீரைப் பருகுக' என்று புத்தகத்தில் இருந்தது. சந்தே கிணற்றைச் சுற்றி நின்று பார்த்தது. ஒரு உலை கொதிப்பதற்குள் நிறம் போய்விட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது.

இந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்போம். இதென்னடா, போட்ட மருந்து எங்கே போனது என்று ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். அவர்களுக்கு வரவில்லை. ஏனென்றால் அவர்கள் சாயக்காரர்கள். தொட்டியில் சாயத்தைக் கரைத்து நூலைப் போட்டால், நூல் சாயத்தைக் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வரும். தண்ணீர் முழுக்கத் தெளிந்துவிட்டால் சாயம் பூராவும் ஏறிவிட்டது, வேலை சுத்தம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த கண். கிணறு தெளிந்ததும், "தண்ணி நல்லாருக்கு" என்றார் அண்ணன்; சந்து முழுக்கத் தலையாட்டியது.

பத்மாசினி மதினி சாயக்காரர் வீட்டில் பிறந்து சாயக்காரர் வீட்டுக்கே வாழ வந்தவர். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு, அடி தெரிகிறதா என்று பார்த்தார். சொட்டுக்கூட நிறமில்லை. "நல்லா ஏறிருச்சு" என்றார். வீட்டுக்குள் போய்ப் பரமக்குடிக்குக் கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டார்.

மூன்றாம் நாள் மதினி இல்லை. அந்தச் சந்தில் இன்னும் சில வீடுகளிலும் சாவு விழுந்தது. துளசிராம் அண்ணனும் அதே தண்ணீரைத்தான் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய தண்டனையை எழுதியவன், பிழைத்துக் கிடப்பதையே தண்டனையாக எழுதியிருக்கிறான், அல்லாஹ் அறிவான்.

அடக்கம் தகனமெல்லாம் முடிந்தபிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து கிணற்றுக்குள் ஆளை இறக்கிப் பார்த்தார். சாக்கடைத் தண்ணீர் கிணற்றுச் சுவர் வழியாக உள்ளே கசிந்திருந்தது. அண்ணன் நடந்ததைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர்தான், குத்திக்காட்டிப் பேசவில்லை.

"மருந்து போட்டா நெறம் ராத்திரி முழுக்க நிக்கணும்யா. சட்டுனு மறைஞ்சா அழுக்கு மருந்தத் தின்னுருச்சுன்னு அர்த்தம். மறுபடி போடணும், நெறம் நிக்கிற வரைக்கும் போடணும். அதுவரைக்கும் குடிக்கவே கூடாது" என்றார்.

துளசிராம் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு நேரே என் கடைக்கு வந்தார். புத்தகத்தை நீட்டினார். "பாய், அது இதுல எங்க எழுதியிருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். எங்கேயும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பட்டணத்தில் உட்கார்ந்து எழுதின மகராசன், படிக்கிறவன் என்ன தொழில் செய்கிறான், எந்தக் கண்ணால் பார்க்கிறான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகு அவரால் சாயம் போட முடியவில்லை. தொட்டித் தண்ணீர் தெளியத் தொடங்கினாலே போதும், ஐயோ ஐயோ என்று மேலும் சாயத்தை அள்ளிக் கொட்டிவிடுவார். நூலெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்துப் போகும். எவன் வேலை கொடுப்பான்? கிணற்றை மூடினார்கள், மண் கொட்டினார்கள், கப்பியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆனாலும் மத்தியான வேளையில் கப்பிச் சத்தம் கேட்கிறது என்பார். "யாரோ எறைக்காங்க பாய். வேண்டாம்னு கத்துறேன், நிக்க மாட்டேங்குது" என்பார். ஒருநாள் அவரைத் தேடிப் போய், பட்டப்பகலில் அந்தக் கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கும் கேட்டது. பக்கத்துத் தெருக் கிணறாக இருக்கும் என்று வேகமாக நடையைக் கட்டினேன். பக்கத்துத் தெருவில் கிணறு கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அவருக்கு மிஞ்சியது ஒரே வேலை. என் கடையில் மீதம் கிடந்த அந்தப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அந்த வரிக்கு நேரே, ஓரத்தில், தன் கையால் எழுதினார்: 'நிறம் சட்டென்று மறைந்தால் குடிக்காதே. நிற்கும் வரை மறுபடி போடு.' அது முடிந்ததும், யார் யாருக்கு விற்றீர்கள் என்று என் உயிரை எடுத்தார். எனக்கு முகம்தான் ஞாபகம் இருக்கும். ஆனையூர் வாத்தியார் ஒருத்தர், பழங்காநத்தத்துப் பலசரக்குக் கடைக்காரர், இப்படி அடையாளம் சொல்வேன். மைக்கூட்டை மடியில் கட்டிக்கொண்டு நடந்தே போவார். புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். பைத்தியம் என்று கதவைச் சாத்தினவர்கள் உண்டு. அடுத்த நாளும் போய் அதே கதவைத் தட்டுவார். ஒரு புத்தகம் விட்டுப்போனாலும் அங்கே ஒரு கிணறு திறந்து கிடக்கிற மாதிரிதான் அவருக்கு.

வருஷங்கள் ஓடின. யுத்தம் வந்தது, அரிசிக்கும் காகிதத்துக்கும் தட்டுப்பாடு வந்தது, வாந்திபேதியும் பின்னாலேயே வந்தது. அவனியாபுரத்தில் குடியிருந்த அவருடைய அக்காள் மகன் ஜனகராஜ், அந்தப் புத்தகத்தைக் கேட்டு என் கடைக்கு ஆள் அனுப்பினான். அச்சில் இல்லை. என்னிடமும் ஒன்றும் இல்லை. துளசிராம் அண்ணனுடைய சொந்தப் பிரதிதான் இருந்தது. அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அவரே வந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தார். கையிலிருந்த சிவப்பெல்லாம் எப்போதோ போயிருந்தது. துணியில் சுற்றிய புத்தகத்தை என் முன்னால் வைத்தார்.

"இதுல மட்டும் எழுதல பாய். நீங்க எழுதிக் குடுங்க, ஜனகராஜ்ட்ட கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றார்.

"ஊரு பூரா எழுதிட்டு ஒங்க புஸ்தகத்துல எழுதலயா? என்ன அண்ணே இது கூத்து!" என்றேன். "அதுவும் போகட்டும், அவன்ட்ட வாயால சொன்னாப் போதாதா?"

"வாயால சொன்னது நிக்காது பாய். அன்னைக்கி நானும் வாயாலதான சொன்னேன், தண்ணி நல்லாருக்குன்னு."

துணியைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஏன் எழுதவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சரியாக அந்த வரிக்கு நேரே, ஓரம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பத்மாசினி மதினியின் கட்டைவிரல் ரேகை. அத்தனை வருஷமாகியும் குங்குமம் மாதிரி சிவப்பாக இருந்தது. அண்ணன் படிக்க, மதினி அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றிருக்கிறார். மதினி என்று சொல்ல மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

"இதும் மேலயா அண்ணே எழுதச் சொல்றீங்க?"

"வேற எடமில்லயே பாய். அங்க இருந்தாத்தான் படிக்கிறவன் கண்ணுல படும்."

பேனாவை மையில் தொட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதத் தொடங்கியதும், "அழுத்தாதீங்க பாய்" என்றார். வலிக்கும் என்பது போலச் சொன்னார். ரேகையின் மேலேயே, இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை, எத்தனை மெதுவாக முடியுமோ அத்தனை மெதுவாக எழுதி முடித்தேன்.

மை காய்ந்த பிறகு புத்தகத்தை வாங்கிக்கொண்டார். சாயக்காரர்கள் சாயம் போகிறதா என்று துணியைச் சோதிப்பார்களே, அது போல விரலை நாக்கில் தொட்டு, எழுத்துப் படாத ஓரமாகப் பார்த்து அந்தச் சிவப்பைத் தேய்த்தார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"நிக்கிது பாய்" என்றார். "இது நிக்கிது."

அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவனியாபுரம் போகிற பாதையில் நடந்தார்.